டீச்சருக்கு மட்டும் முழு வார்த்தை

ஆர்டிஸ் ஹவ்கன் காப்பிக் கடைக்குள் காலடி வைத்ததும் நடு மேசையின் பேச்சு விறைத்துக்கொண்டது. 'டோன்ட்' எல்லாம் 'டூ நாட்' ஆயிற்று. 'கான்ட்' எல்லாம் 'கேனாட்' ஆயிற்று. வடக்கு டகோட்டாவில் டிராக்டரையே பிரித்து மாட்டுகிற, ஐம்பது தாண்டிய ஆண்பிள்ளைகள், அவளைக் கண்டால் ஏழாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கட்டுரையில் வார்த்தையைச் சுருக்கினால் சிவப்பு மையால் அடித்துத் தள்ளிய டீச்சர் அவள். ஓய்வு பெற்றாள், கணவரும் போய்ச் சேர்ந்தார், ஊர் மட்டும் அந்த மையை மறக்கவில்லை. வீட்டில் பேச ஆளில்லை. இங்கே ஆள் இருந்தும் பேச்சில்லை. இந்தக் குளிர்காலத்துக்குள் அந்த மேசையில் ஓர் ஆளாகிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளோடு போய் இருந்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

"பனி மூடின ரோடு இன்னும் தொறக்கல, நாசமாப் போச்சு" என்று அவளிடம் படித்த லோரன் சொன்னது வாசலிலேயே அவள் காதில் விழுந்திருந்தது. அவள் உட்கார்ந்ததும் அவனே தொப்பியைக் கழற்றிவிட்டு, "காலை வணக்கம், மிசஸ் ஹவ்கன். சாலை இன்னும் திறக்கப்படவில்லை" என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

காப்பி முடிந்ததும் வழக்கம்போலத் தோல் குவளையில் பகடை உருண்டது. குறைவாகப் போடுகிறவர் மேசையில் எல்லாருடைய காப்பிக்கும் காசு கொடுக்க வேண்டும். குவளை லோரனிடமிருந்து அவளைத் தாண்டி அடுத்து உட்கார்ந்திருந்த டுவேனிடம் போயிற்று. என்றைக்கும் அப்படித்தான், அவள் காப்பிக்கு யாராவது சத்தமில்லாமல் கொடுத்துவிடுவார்கள்.

"லோரன், அது ஏன் என்னைத் தாண்டிப் போகுது?"

"உங்களைச் சிரமப்படுத்த நாங்கள் விரும்பவில்லை, மிசஸ் ஹவ்கன்."

"ஏண்டா, கோர்ட்டுல சாட்சியா சொல்ற? காகிதத்துலதான் சுருக்காதீங்கன்னேன். வாயால பேசுறப்ப சுருக்குங்க, அப்பத்தான் அது பேச்சுன்னு அதே வகுப்புல சொன்னேனே. ஒருத்தன் மண்டையிலயும் ஏறலயா?"

டுவேன் பிடரியைச் சொறிந்தான். "அன்னிக்கு நான் லீவா இருந்திருப்பேன்."

"நீ என்னிக்குடா வந்த?"

மேசை சிரித்துவிட்டது. லோரன் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான், வெடிக்குமோ என்று பயந்தவன்போல. அவள் நன்றாகக் குலுக்கிப் போட்டாள். விழுந்ததெல்லாம் ஒன்று.

சிரிப்பு அடங்கியது. டுவேனின் கை பழக்கதோஷத்தில் பணப்பையைத் தேடியது. லோரன் அதைத் தட்டிவிட்டான்.

"விடுடா. அவங்கதான தோத்தாங்க." பிறகு அவள் பக்கம் திரும்பி, "என்ன முழிக்கிறீங்க? காச எடுங்க. அழுதாலும் விடமாட்டோம்" என்றான்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது, காது சிவந்தது. ஆர்டிஸுக்கோ மனசு நிறைந்துவிட்டது. கைப்பையைத் திறந்து மேசைக்கே கொடுத்தாள், அவர்கள் தின்ற இலவங்கப்பட்டை ரொட்டிக்கும் சேர்த்து.

அவள் கோட்டை மாட்டும்போது லோரன் மெல்லக் கேட்டான்: "கோவமா? நாளைக்கு வருவீங்கல்ல?"

"வராம எங்கடா போகப் போறேன்?" என்றாள் ஆர்டிஸ்.