நாடிக்குக் காவக்காரர்

எங்க வீட்டு மனுஷன் ஒலி முகம்மது சவூதி தமாம்ல இருந்து லீவுக்கு வந்தாருன்னா, வீட்டுக்குள்ள ஒரு டாக்டர் வந்துட்டாருன்னு அர்த்தம். படிச்சது பத்தாங்கிளாஸ். பாக்குதது ஏசி மெக்கானிக் வேலை. வாயைத் திறந்தா கொலஸ்ட்ரால், பிரஷர், இல்லன்னா ஹார்ட்டு. பிரியாணியை மட்டும் எந்த நோய்க்கும் விட்டுக்கொடுக்க மாட்டாரு.

கொரோனா நேரத்துல வாங்குன ஆக்சிமீட்டர் ஒண்ணு வச்சிருக்காரு. காலையில எந்திரிச்சதும் எல்லாரும் விரலை நீட்டணும். போன லீவுல எங்க மக ஹஸீபாவுக்கு நாடி தொண்ணூறு காட்டுச்சு. அப்ப அவ ஏழாங்கிளாஸ், மாடி ஏறுனாலே மூச்சு வாங்கும். இவரு சந்தோஷமா, "நல்லா ஸ்பீடா ஓடுது"ன்னாரு. பிள்ளை நெஞ்சு என்ன தண்ணி மோட்டாரா?

பொறவு ஸ்கூலுக்கு நிலோபர்னு ஒரு பி.டி. டீச்சர் வந்தா. கணக்கு வாத்தியார் முழுங்கிக்கிட்டிருந்த பி.டி. பீரியடையெல்லாம் சண்டை போட்டு மீட்டுட்டா. வருசம் முழுக்கப் பிள்ளைகளை ஓட வச்சா. இப்ப ஹஸீபா மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாவுதா. அடுத்த மாசம் மாவட்டப் போட்டியில ஓடணும்னு அதே நெனப்பாத் திரியுதா.

இந்தத் தடவை வந்து விரல்ல மாட்டுனாரு. அறுபத்தெட்டு. மனுஷன் மூஞ்சி செத்துப்போச்சு.

"ஏட்டி ஜன்னத், பிள்ளைக்கு ஹார்ட்டு இறங்கிட்டு! ஓட விட்டு ஓட விட்டுத் தேஞ்சுபோச்சு. இனி ஓடக் கூடாது."

"தேயுததுக்கு அது என்ன செருப்பா?"ன்னேன். காதுலயே வாங்கல. ஸ்கூலுக்குப் போயி நிலோபர்கிட்ட மல்லுக்கு நின்னுட்டு வந்தாரு. பிள்ளை சோறு வேண்டாம்னு குப்புறப் படுத்துட்டா. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த மிஷினைக் கொண்டுபோயி குற்றாலத்து அருவியில வீசலாம் போல இருந்துச்சு.

தென்காசியில டாக்டர்கிட்ட ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போனேன். அவரு ஈசிஜி, எக்கோ எல்லாம் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "தினம் ஓடுற பிள்ளைக்கு நெஞ்சு பலமாகும். ஒரு அடிக்கே நிறைய ரத்தத்தைத் தள்ளும். அப்புறம் அது எதுக்கு அவசரப்படணும்? நல்லா ஓடட்டும்."

வெளிய வந்தும் இவரு, "எதுக்கும் வேண்டாம்"ங்காரு. எனக்குத் தலைக்கேறிட்டு. "டாக்டரை விட நீங்க எங்க படிச்சீங்க? ஏசிப் பெட்டிக்குள்ளயா?"ன்னு ரோட்டுலயே கத்திட்டேன்.

அவரு தலையைத் தூக்கவே இல்ல. "தமாம்ல ஒரே ரூம்ல கூட இருந்த இத்ரீசு என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் மௌத்தானான்ட்டி. நாடி குறைஞ்சுக்கிட்டே வந்து நின்னுட்டு."

ஆஸ்பத்திரியில மௌத்தாயிட்டான்னுதான் என்கிட்ட சொல்லியிருந்தாரு. "போன்ல எப்படிச் சொல்ல?"ன்னாரு. யா அல்லாஹ், உலகத்து நோயையெல்லாம் பேசுத மனுஷன் இதை மட்டும் பேசல.

ஹஸீபா சாயங்காலம் வாப்பாவை ஸ்கூல் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனா, நானும் போனேன். சாரல்ல ஒரு சுத்து ஓடிட்டு வந்து, மூச்சு வாங்க நின்னு, கையை நீட்டுனா. இவரு மணிக்கட்டைப் பிடிச்சாரு.

"குதிக்குது"ன்னாரு. கொஞ்ச நேரத்துல, "குறையுதுட்டி"ன்னாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. கையை உதறப் பார்த்தாரு.

"விடாதீங்க வாப்பா. பிடிச்சே இருங்க"ன்னா.

பிடிச்சே இருந்தாரு. சாரல்ல சட்டை நனைஞ்சுபோச்சு.

"நிக்கல ஜன்னத்து"ன்னு என்னைப் பார்த்தாரு. "சீரா அடிக்குது. நிக்கல."

ஊருக்கே வைத்தியம் சொல்லுத மனுஷன், கிரவுண்டு நடுவுல நின்னு தேம்பித் தேம்பி அழுதாரு. பிள்ளை கையை விட மட்டும் மனசு வரல. அவளாத்தான் மெல்ல உருவிக்கிட்டு அடுத்த சுத்துக்கு ஓடுனா.