பாஷ்கிர் மொழி, பாடம் ஒன்று

1
இந்தக் கதை ஒரு கூலி வேலையிலிருந்து பிறந்தது. 'பாஷ்கிர் மொழி: ஓர் அறிமுகம்' என்ற ஒலிப்பாடத்துக்கு முன்னுரை கேட்டார்கள். எழுதினேன்: "உரால் மலைச்சரிவில் பேசப்படும் எங்கள் மொழியை நாங்கள் பெருமையோடு—"

அடித்துவிட்டேன். 'நாங்கள்' பொய்.

2
வேறு தொடக்கம். பாடத்துக்குக் குரல் கொடுக்க, பாய்மாக் என்ற எங்கள் ஊரிலிருந்து ஷௌரா சித்தியை, நான் படிக்கும் ஊஃபா நகரத்துக்கு, நான்தான் வரவழைத்தேன். (அவரைத் தூரத்து உறவு என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை.)

பேருந்தில் கூட்டம். சித்தியின் பையிலிருந்து புளித்த தயிர்க்கட்டி* வாசனை.

"டேய் இல்மீர், எலும்பா நிக்கிறியே! பட்டணத்துல சாப்பாடே போடமாட்டாங்களா?" பாஷ்கிரில், எட்டூருக்குக் கேட்கும்படி.

"மெதுவா, சித்தி" என்றேன், ரஷ்ய மொழியில்.

"ஏன், டிரைவர் தூங்குறாரா?"

அடுத்த நிறுத்தத்தில் லெரா ஏறினாள். என்னோடு படிப்பவள். அவள் என்னைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக ஏங்கியவன் நான்.

"இந்தம்மா உன்கூட வந்தவங்களா?"

"இல்ல. வழி கேட்டாங்க."

அதையும் ரஷ்ய மொழியில்தான் சொன்னேன்; அது புரியாத பாஷ்கிர்கள் யார்? சித்திக்குப் புரியும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

* இதைத் தின்றுதான் வளர்ந்தேன். அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கிறேன், பாருங்கள்.

3
ஒலிப்பதிவு அறையில், பதிவு செய்யும் ஃபனூர் சொன்னார்: "அக்கா, இன்னும் சத்தமா. நம்ம மொழி பேச வெக்கமா?"

"எனக்கென்னப்பா வெக்கம்" என்றார் சித்தி. என் பக்கம் திரும்பவில்லை.

4
முடிவு அ: பேருந்து நிலையத்தில் மன்னிப்புக் கேட்டேன். சித்தி என் காதைத் திருகிச் சிரித்தார்.

(நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படி முடியலாம். நடந்தது வேறு. பையைத் தூக்கப் போனேன். "நீங்க சிரமப்படாதீங்க. வழி கேட்டுப் போய்க்கிறேன்" என்றார், சுத்தமான ரஷ்ய மொழியில்.)

முடிவு ஆ: லெராவிடம் உண்மையைச்—

இல்லை. பேருந்தில் நடந்ததைச் சித்தி அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

5
முன்னுரையை நாளை கொடுக்க வேண்டும். பதிவை ஒலிக்கவிடுகிறேன். எங்களில் இருவர் சந்தித்தால் பெயருக்கு முன் குலத்தையும் குடும்பத்தையும் கேட்பார்கள்; முதல் பாடமும் அப்படித்தான் தொடங்குகிறது.

"நீ யாரு வீட்டுப் புள்ள?" என்கிறது சித்தியின் குரல்.

கற்பவர் பதில் சொல்ல ஐந்து விநாடி இடைவெளி. விநாடிகளை எண்ணுகிறேன்.

"ரொம்ப சந்தோஷம். உள்ள வா, டீ குடிக்கலாம்."

யார் என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும், அந்தக் குரல் அதையேதான் சொல்லும். நான் எப்படி உள்ளே போவது? உங்களுக்குத் தெரிந்தால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.