தூக்கத்தில் பேசும் மொழி

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் அங்கன்வாடியில் மதியம் ஒரு மணியானால் உலகம் நின்றுவிடும். சோறும் சாம்பாரும் தின்ற பதினாலு பிள்ளைகள் பாயில் சாய்வார்கள். மின்விசிறி மெதுவாகச் சுற்றும். சமைக்கிற சாலம்மாள் சுவரில் தலையைச் சாய்த்து, "நான் தூங்கலீங்க டீச்சர், கண்ண மூடிக்கிட்டு இருக்கறன்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போவாள். அந்த நேரத்தில்தான் நான் நார்வேக்குப் போவேன்.

போவது செல்போனில்தான். பல நாட்டு மழலையர் பள்ளி ஆசிரியைகளை ஜோடி சேர்த்துப் பேசவைக்கிற ஒரு பயிற்சியில் எனக்கு வாய்த்தவள் இங்கா. மாதம் இரண்டு முறை பேசுவோம். அவள் இங்கிலீஷும் ஓட்டை, என் இங்கிலீஷும் ஓட்டை. அதனாலேயே நன்றாகப் புரிந்துகொண்டோம். அங்கே அப்போது காலை எட்டரை மணி. வெளியே பனி நீலமாகக் கிடக்கும். அந்தக் குளிரில் வரிசையாகத் தள்ளுவண்டிகள், உள்ளே கம்பளிக்குள் தூங்கும் பிள்ளைகள். முதல் தடவை பார்த்தபோது, "அடிப்பாவி, சளி புடிக்காதா?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். பார்க்கப் பார்க்க எனக்கும் கண் சொக்கும். எங்கள் பாய்களின் மேலேயே அந்தப் பனி மெல்ல விழுகிற மாதிரி இருக்கும்.

ஜனவரியில் அவளிடம் பிரியதர்ஷினியைப் பற்றிச் சொன்னேன். மூன்றரை வயது. சேர்ந்து நாலு மாதம் ஆகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சிரிக்கமாட்டாள், அழக்கூட மாட்டாள். வெள்ளிக்கிழமை மருத்துவக் குழு வருகிறது. பேச்சு வளர்ச்சிக் குறைவு என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவளைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போட எனக்குக் கை வரவில்லை. போடாமல் விட்டு, உண்மையிலேயே குறை இருந்துவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

 இங்கா கேட்டாள். "கலா, அவள் தூக்கத்தில் என்ன மொழியில் பேசுகிறாள்?"

இது என்ன கேள்வி என்று எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் மதியம் பிரியதர்ஷினியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருத்தன் பல்லைக் கடித்தான். ஒருத்தி யாரையோ "போடா" என்றாள். பிள்ளைகளின் கனவுகள் அந்த அறையில் ஒன்றோடொன்று கலந்து மிதந்தன. எனக்கும் விழிப்பா தூக்கமா என்று தெரியாத நேரம், அவள் உதடு அசைந்தது.

"நந்து… அது நந்து."

என்னுது. அது என்னுது. கன்னடம்.

 அந்தப் பேச்சு எனக்கு அந்நியமில்லை. எங்கள் அம்மா வீட்டில் அடுப்படியிலும் மாட்டுத் தொழுவத்திலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று வாயை மூடினவள், இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பதினெட்டு வருடத்தில் ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட கெட்டிக்காரி நான்.

மூன்று மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக அவள் அம்மா தீர்த்தம்மாள் வந்தாள். தக்காளித் தோட்டத்து வேலை முடித்து வந்த மண் கால்.

"வூட்ல பாப்பாகிட்ட என்ன பாஷை பேசறீங்க?" என்று கேட்டேன்.

அவள் பயந்துவிட்டாள். "கன்னடம் பேசறதே இல்லீங்க டீச்சர். சத்தியமா. நீங்கதான சேக்கறப்போ எல்லார்கிட்டயும் சொன்னீங்க, வூட்லயும் தமிழ்லயே பேசுங்க, இல்லனா புள்ள பின்தங்கிடும்னு."

"செரி, தமிழ்ல பேசறீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கூலி கேக்க, கடையில சாமான் வாங்க எனக்குத் தமிழ் வரும்ங்க. புள்ளைய கொஞ்ச வரமாட்டேங்குது. அதனால… வூட்ல யாரும் பேசறதில்லீங்க."

 குருவி தலையில் பனங்காயை வைத்தது நான். அதைத் தாய் தலையிலும் சேர்த்து வைத்திருக்கிறேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. "தப்பு என்னுதுங்க" என்று சொல்லி, அடுத்ததை அவளிடம் கன்னடத்திலேயே சொன்னேன். பதினெட்டு வருடம் கிடந்த மொழி நாக்கில் தடுக்கித் தடுக்கி வந்தது. இன்றைக்கு ராத்திரி பிள்ளையிடம் உங்கள் பேச்சையே பேசுங்கள், வாய் வலிக்கிறவரைக்கும் பேசுங்கள். தீர்த்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் நானும் பாயில் படுத்துக்கொண்டேன். எழுதாத படிவம் மேசையில் கிடந்தது. பிரியதர்ஷினி தூங்கி எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத அந்தக் கண்ணோடு என்னைப் பார்த்தாள்.

"கனசு பந்தித்தா?" என்றேன் மெதுவாக. கனவு வந்ததா?

 அவள் கையை நீட்டி, இரண்டு விரலால் என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சத்தம் இங்கிருந்துதானா வந்தது என்று தேடுகிற மாதிரி.

"நிங்கெ மாத்து பருத்தா, டீச்சர்?"

உனக்குப் பேச்சு வருமா, டீச்சர்?

நாலு மாதமாக என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு, பாவம், பொறுமையாக வந்து போயிருக்கிறாள்.

"பருத்தெ கண்ணு," என்றேன். வரும்.

அவள் முகம் மலர்ந்தது. முதல் சொல் பேசின குழந்தைக்கு எல்லோரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். மற்றவர்கள் எழுந்துவிடாதபடி, மெல்ல, எனக்குக் கை தட்டினாள்.