ஐந்து நாற்பது ரயிலுக்கு நின்ற வாத்தியக் குழு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சாகும்வரை எனக்கு மீன்குழம்பு கிடைக்காமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எங்கள் வீட்டில் கிடையாது.

வெள்ளவத்தையில், தண்டவாளத்தை ஒட்டிய மண்டபத்தில், றுஷ்னா டீச்சர் நான்கு பிள்ளைகளோடு வாத்தியக் குழு தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு வாளி. வாளிதான் அப்போது மேளம். ரயில் வந்தால் எதுவும் கேட்காது. ஆகவே டீச்சர் சட்டம் போட்டார்: ரயில் வந்தால் அப்படியே நிற்க வேண்டும், கடைசிப் பெட்டி போனதும் விட்ட சுரத்திலிருந்து தொடர வேண்டும். சிவப்புக்கொடி காட்டுகிற வேலை எனக்கு.

குழு வளர்ந்ததும் அதனால்தான். வில்லைத் தூக்கியபடி சிலையாய் நிற்கும் பிள்ளைகளை ரயில் யன்னலால் பார்த்த சனம், மிச்சம் என்னவென்று தெரியாமல் தவித்து, தெஹிவளையில் இறங்கிக் கடற்கரையால் திரும்பி நடந்து வந்தது. அடுத்த கிழமை தங்கள் பிள்ளைகளையும் கூட்டிவந்தது. இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள்.

மண்டபச் சொந்தக்காரர் அழகுமுத்து இதை ரசிக்கவில்லை.

"கணக்கு டியூஷன் மாஸ்டர்மார் எடம் கேட்டு வரிசையில நிக்கிறாங்க, டீச்சர். இந்த ஞாயிறு நடக்குற வாத்தியப் போட்டியில கப் எடுங்க, மண்டபம் ஒங்களுக்கு. இல்லாட்டி அடுத்த ஞாயிறுலேருந்து அல்ஜிப்ரா."

"கப் வெக்க ஒரு அலுமாரி செஞ்சு வைங்க, முதலாளி" என்றார் டீச்சர். முதலாளி போனபின் என்னிடம், "மண்டபம் போனா இந்தப் புள்ளையள எங்க கொண்டு போற?" என்று கேட்டார்.

போட்டி கொட்டாஞ்சேனையில், ஞாயிறு மாலை. கொடியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அங்கே ஏது ரயில்?

சரியாக ஐந்து நாற்பதுக்கு, பாட்டின் மிக வேகமான இடத்தில், நாற்பத்தொரு பேரும் ஒன்றாக நின்றார்கள். வெள்ளவத்தையில் அது காலிப் பக்கம் போகும் ரயிலின் நேரம்.

"வாசிங்க!" என்று டீச்சர் பல்லைக் கடித்தார்.

முன்வரிசை யதுஷா வில்லை அசைக்கவில்லை. "இன்னும் மூண்டு பெட்டி இருக்கு, டீச்சர்."

ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள். மின்விசிறிகள்கூட மரியாதைக்குச் சுற்றுவதை நிறுத்தின. மூன்றாம் வரிசையில் அழகுமுத்து, டியூஷன் நோட்டீஸ் எழுதப் பேனையை எடுத்தார்.

அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. பாட்டு நின்ற அதே சுரம். ஊதல் ஓய்ந்த கணத்தில் பிள்ளைகள் அதிலிருந்தே கிளம்பிய வேகத்தில் எனக்கு முன்னாலிருந்தவரின் தொப்பி மேடைக்குப் பறந்தது. மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது.

நடுவர் கண்ணைத் துடைத்தார். "அந்த இடைவெளிய எழுதினது யாரு, மிஸ்?"

"ரயில்வே, சேர்."

கப்பைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் அழகுமுத்து.

"அல்ஜிப்ரா மாஸ்டர் என்னவாம், அங்கிள்?" என்று யதுஷா சீண்டினாள்.

"எக்ஸ் எங்கன்னு இன்னும் தேடுறாராம். கண்டுபிடிச்சிட்டு வரட்டும்."

அவர் மண்டபச் சாவியை றுஷ்னா டீச்சரின் கையில் வைத்தார். டீச்சர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட, பிள்ளைகள் வெள்ளவத்தை வரை பஸ்ஸில் வாசித்துக்கொண்டே வந்தார்கள்; காலி வீதியில் ஒரு சிவப்பு விளக்குக்கூட எங்களை மறிக்கவில்லை.

இதெல்லாம் நடந்த இரண்டு வருடமும் நான் கனடாவில் மகள் வீட்டில் இருந்தேன்.