செயின் கிடந்த இடம்

அப்பாவின் உடம்பு வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவருடைய சைக்கிள் வந்துவிட்டது. மேட்டடியில் கடை வைத்திருக்கும் தையல்காரர் அதைக் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். விழுந்த வேகத்தில் கியர் லிவர் ஒடிந்து தொங்கியது.

"விழுந்த சத்தம் கேட்டுத்தான் வெளிய ஓடி வந்தேன் பாப்பா," என்றார் மகளிடம். "உங்கப்பா மிதிச்சுட்டுப் போனாரா, தள்ளிட்டுப் போனாரான்னு பார்க்கல. பார்த்திருந்தா சொல்ல மாட்டேனா?"

"வர்ற வழியில பெடலைச் சுத்துனீங்களா?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இல்லம்மா. அப்படியே உருட்டிட்டு வந்தேன்."

மிதித்தாரா, தள்ளினாரா என்று காலையிலிருந்து மூன்று பேரிடம் கேட்டுவிட்டாள் அம்மா. மேட்டு உச்சியிலுள்ள நீரேற்று நிலையத்தில் அப்பா மோட்டார் போடுபவர். இதயம் பலவீனம், மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார். இரண்டு இடத்தில் நிற்பார். போன மாதம் மகள் கியர் வைத்துக் கொடுக்கும்வரை.

செய்தி வந்ததும் அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "தள்ளிட்டுப் போயிருந்தா நின்னிருப்பாரு. கியர்ல ஏறினா எங்க நிக்கறது?"

அதற்குப் பிறகு மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கியரை முடிவு செய்ய மகள் பதினொரு நாள் எடுத்துக்கொண்டிருந்தாள். மேட்டைக் காலடியால் அளந்தாள், பல்சக்கரங்களின் பற்களை எண்ணினாள், நோட்டில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். சித்தப்பா மட்டும் தன் வண்டியைப் போல முன்னால் மூன்று, பின்னால் எட்டு என்று இருபத்து நாலு கியர் வைக்கச் சொல்லி நச்சரித்தார்.

"ரெண்டு கையிலயும் லிவர் இருந்தா அப்பா குழம்பிடுவாரு சித்தப்பா. முன்னால ஒண்ணு போதும். பின்னால எட்டு. சின்னது சம ரோட்டுக்கு, பெருசு மேட்டுக்கு. அவ்வளவுதான்."

"வாத்தியாரம்மா சொல்லிட்டாங்க. அண்ணே, கடைசியில பரீட்சை உண்டாம்."

"போடா. எட்டு எண்ணுறதுக்குள்ள மேடே முடிஞ்சிடும்," என்று சிரித்தார் அப்பா. அம்மாவும் அன்று கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் போனதும் மகள் சைக்கிளின் பின்சக்கரத்தருகே மண்டியிட்டாள்.

செயின் பெரிய பல்சக்கரத்தில் கிடந்தது. சிறியதிலிருந்து எண்ணிப் பார்த்தாள். எட்டு. பெரியதிலிருந்து திருப்பி எண்ணினாள். லிவர் ஒடிந்ததால் இடம் மாறியிருக்குமோ? மாறாது. கம்பி தளர்ந்தால் செயின் சிறியதற்கு இறங்குமே தவிர, பெரியதற்கு ஏறாது. இங்கே கம்பியும் இறுகித்தான் நின்றது. தள்ளிக்கொண்டு போகிறவர் யாரும் எட்டாவதில் போட மாட்டார். அப்பா ஒவ்வொன்றாக, அவள் சொல்லிக்கொடுத்த வரிசையில், ஒரு தவறும் இல்லாமல் மாற்றியிருக்கிறார்.

முன்வாசலில் பெஞ்சு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா கொல்லைப்பக்கம் வந்தார். அவள் பார்த்த இடத்தையே அவரும் பார்த்தார். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சைக்கிள் வந்துடுச்சாமே. செயின் எதுல கிடக்கு?"

காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

மகள் எழுந்து வாயைத் திறந்தாள்.

"இரு," என்றார் சித்தப்பா. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு விரலால் செயினை நெம்பி, பெரியதிலிருந்து விடுவித்து, கடைசிச் சிறியதில் கொண்டுபோய் உட்கார வைத்தார். "பெடலைச் சுத்தவிடாத. சுத்தினா திரும்ப ஏறிடும்."

"இது பொய் சித்தப்பா."

"ஆமா."

அம்மா வந்துவிட்டாள். சித்தப்பா எழுந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சின்னதுலதான் இருக்கு அண்ணி. அண்ணன் கியரே மாத்தல. எப்பவும்போலத் தள்ளிட்டுத்தான் போயிருக்காரு."

அம்மா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பெடலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டப் போவதுபோல அவள் கை நீண்டது. அதற்குள் மகள் பெடலைப் பற்றிக்கொண்டாள். அம்மாவின் விரல்கள் மெல்ல அழுத்தின. மகள் விடவில்லை. செயினில் ஒரு கண்ணி அசைந்து, நின்றது.

அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அவள் பார்வை பக்கவாட்டில் நின்ற சித்தப்பாவின் மேல் போனது. வெள்ளைச் சட்டையின் பின்னோரத்தில், கை கட்டியிருந்த இடத்தில், இரண்டு கறுப்புக் கிரீஸ் கோடுகள் தெரிந்தன.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். "வந்துட்டாங்க," என்று யாரோ சொன்னார்கள். முன்பக்கம் நாற்காலிகள் இழுபட்டன.

அம்மா வாசலுக்குப் போகவில்லை. துவைக்கிற கல்லின் மேலிருந்த சோப்புத் துண்டை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினாள்.

"கை கழுவுங்க தம்பி. தூக்கணும்ல."

குழாயை அவளே திறந்துவிட்டாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது, பிறகு சாம்பல் நிறமாக. அது தெளிகிறவரை அவள் அங்கேயே நின்றாள்.