ஏஜெண்டு சாருக்குத் திறக்காத கதவு

பூமி ஆடினால் போதும், பாண்டுரங்கனின் சைக்கிள் எங்கள் லைன் வீடுகளுக்குள் வந்துவிடும். சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்திருக்கிறது, யார் புருஷன் தலையில் விழுந்ததோ என்று நாங்கள் வாசலில் நிற்போம். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மகராசன் இன்சூரன்ஸ் விற்க வருவான். பயந்தவள்தான் சீக்கிரம் கையெழுத்துப் போடுவாளாம். என்ன பிழைப்போ, கர்மம்.

பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவைத்தான் அவன் விடாமல் பிடித்துக்கொண்டான். நடுவில் வெறும் மூங்கில் தட்டிதான், பேசுவதெல்லாம் எனக்கு அப்படியே கேட்கும்.

“நாளைக்கே அவருக்கு ஒண்ணு ஆயிட்டா, நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க?”

புருஷன் ஷிப்டில் இறங்கியிருக்கும்போது அப்படி ஒரு பேச்சை எங்கள் லைனில் யாரும் வாயில் எடுப்பதில்லை. அவன் கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்து சேரும்வரை கொடியில் வெள்ளைப் புடவைகூடக் காயப்போட மாட்டோம். இவன் வாசலில் நின்று சாவைக் கூவி விற்றான். பார்வதம்மா முதலில் மரியாதையாகச் சொன்னாள். பிறகு கெஞ்சினாள். ஒருநாள் விளக்குமாற்றைத் தூக்கினாள். அதற்கும் இளித்துக்கொண்டு மறுபடி வந்தான். கடைசியில் அவள் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். தட்டினால் உள்ளே இருந்தபடியே, “எங்க வூட்ல ஒண்ணும் ஆவாது, போங்க ஏஜெண்டு சார்” என்பாள். புருஷன் சின்னசாமி வந்ததும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அதில் ஒரு தைரியம் வந்திருந்தது.

அன்று மத்தியானம் பாத்திரமெல்லாம் உருண்டு விழும்படி ஆடியது. நான் வாசலுக்கு ஓடி வந்தேன். பார்வதம்மா வரவில்லை. வெகுநேரம் கழித்து லைன் கோடியிலிருந்து ஒருவன் நடந்து வந்தான். சின்னசாமியோடு சுரங்கத்தில் ஒரே லெவலில் வேலை செய்கிற ஏசுபாதம். உடம்பெல்லாம் பாறைத்தூள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். அவன் என்னைப் பார்க்காமல் போய் அவள் கதவைத் தட்டினான்.

“எங்க வூட்ல ஒண்ணும் ஆவாது, போங்க ஏஜெண்டு சார்.”

“அண்ணி, நான் ஏசுபாதம்.”

ஞாயிற்றுக்கிழமையானால் அவள் கையால் சாப்பிடுகிறவன். அந்தக் குரல் அவளுக்குத் தெரியாததில்லை.

“கதவத் திறங்க அண்ணி.”

“வேணாம் ஏஜெண்டு சார்.” இவ்வளவு மரியாதையாக அவள் பாண்டுரங்கனிடம்கூடப் பேசியதில்லை. “அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன். நீங்க போங்க.”

பிறகு அவள் அம்மிக்கல்லைத் தரதரவென்று இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பது தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது.