ஒரு சுவருக்கு நாலு காலண்டர்

காலை ஒன்பது மணிக்கெல்லாம் தௌலத் பேகம் நாலாவது காலண்டரையும் ஆணியில் மாட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துத் தள்ளி நின்று பார்த்தாள். நகைக்கடை, உரக்கடை, பள்ளிவாசல், ஜவுளிக்கடை. கோணல்மாணலாகக் கீழிறங்கிய நாலும் சேர்ந்து, வடக்குச் சுவரின் வெடிப்பை மேலிருந்து கீழ்வரை மூடியிருந்தன. பதினோரு மணிக்கு பேங்க் இன்ஜினியர் வீட்டைப் பார்க்க வருகிறார். அவர் சரியென்று எழுதினால்தான் வீட்டை வாங்கப்போகிற முத்துசெல்விக்கு லோன். லோன் வந்தால்தான் வீடு விற்கும். விற்றால்தான் புதியம்புத்தூரில் தௌலத் பார்த்து வைத்திருக்கும் ஷெட்டும், அதில் ஆறு தையல் மிஷினும். முப்பது வருஷம் அடுத்தவர் தையல் யூனிட்டுக்குச் சட்டைப் பொத்தான் காஜா எடுத்துக் கொடுத்தவளுக்கு, ஐம்பத்தி நாலு வயதில் சொந்தமாக ஒன்று போட ஆசை வந்திருந்தது. அந்த ஆசை வந்த நாளிலிருந்து முழங்கால் வலிகூட அவளை விட்டு ஓடிப்போயிருந்தது.

வெடிப்பு கரிசல் மண் கொடுத்த வரும்படி. கோடையில் நிலம் பாளம் பாளமாகப் பிளக்கும்போது சுவரும் வாயைத் திறக்கும். ஐப்பசி மழையில் மண் ஊறி உப்பியதும் தானாக மூடிக்கொள்ளும். அது எத்தனை விரல் திறந்தது, எந்தத் தேதியில் மூடியது என்று அவள் புருஷன் அல்லாபிச்சை இருபத்திரெண்டு வருஷமாக அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதி வருகிறார். மிளகாய் போடுகிற தெருக்காரர்கள், "அண்ணாச்சி, செவுரு மூடிட்டா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் விதைக்கப் போவார்கள்.

"பூசி வெள்ளையடிச்சிருவோம்னா கேக்க மாட்டேங்குதீங்க" என்று மூன்று நாளாக அவள் மல்லுக்கட்டினாள்.

"எழுத்து அழிஞ்சிரும்லா. அதுல கைய வச்ச, நான் புதியம்புத்தூருக்கு வர மாட்டேன் பாத்துக்க."

எதற்கும் வாயைத் திறக்காத மனிதர் இதற்கு மட்டும் விறைத்துக்கொண்டு நின்றார். அதனால்தான் காலண்டர்.

இன்ஜினியர் சுடலைராஜ், முத்துசெல்வியோடு வந்தார். முத்துசெல்வி விளாத்திகுளம் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பம். பிள்ளைகள் படிப்புக்காக டவுனுக்கு வருகிறாள். இன்ஜினியர் மொட்டை மாடியைப் பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார், கடைசியில் ஹாலுக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, ஒரே செவுத்துல நாலு காலண்டரு? ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு தேதி. இன்னைக்கு என்ன தேதின்னு எதப் பாத்து தெரிஞ்சிக்கிடுதீங்க?"

சுவரை மறைக்கிற மும்முரத்தில் தாள் கிழிக்க மறந்துபோயிருந்தாள். நகைக்கடையில் இன்னும் பொங்கல்கூட வரவில்லை. முத்துசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி தௌலத் கையில் கொடுத்தார். நாலாவது வந்தபோது அவளுக்கு ஆறு மிஷினும் கைவிட்டுப் போய்விட்டது என்றே தோன்றியது. இன்ஜினியரோ சுவரோடு முகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு விரல்... ரெண்டு விரல்... போன வருஷம்?"

"ரெண்டே விரல்தான் சார். ஒரு நூல் கூடல" என்றார் அல்லாபிச்சை.

"கரிசல்ல வெடிப்பில்லாத வீடு எங்க இருக்கு? அது வளருதா, அப்படியே நிக்குதாங்கதுதான் கேள்வி. ஒரு வருஷம் அளந்து பாக்கணும்னு எழுதியிருப்பேன். இவிய இருபத்திரெண்டு வருஷம் அளந்து வச்சிருக்காவ. பயப்படாதீங்கம்மா, சரின்னே எழுதிருதேன்."

"பூசி வெள்ளையடிச்சிருந்தா?" என்று கேட்டாள் தௌலத்.

"எதையோ மறைக்காவன்னு வேண்டாம்னு எழுதிட்டுப் போயிருப்பேன்."

அவள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"போதும், ரொம்பச் சிரிக்காதீங்க" என்றவளுக்கே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

இன்ஜினியர் எழுத்தையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினார். முத்துசெல்வி மட்டும் சுவரருகே தயங்கி நின்றாள்.

"அண்ணாச்சி, போகும்போது அந்தப் பென்சில இங்கனயே வச்சிட்டுப் போங்க."

பேரப்பிள்ளைகள் கேட்டும் கொடுக்காத கட்டைப் பென்சிலை அல்லாபிச்சை சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வெடிப்புக்குள் விரல் விட்டுப் பார்த்தாள், மெலிந்த விரல்கள்.

"எனக்கு ரெண்டரை வருதே!"

"அப்ப ரெண்டரைன்னே எழுது தாயி. இனிமே உன் வெரல்தான் கணக்கு" என்றாள் தௌலத்.

முத்துசெல்வி பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, தேதி பார்க்கத் திரும்பினாள். தௌலத்தின் கையில் நாலு காலண்டரும் நாலு தேதியோடு இருந்தன.